தம்பியின் சட்டைத் துணிகள்: தைத்ததைத் தெருவில் வைக்கலாமா?

வெட்டுத்துணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் வியாசர்பாடியில் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக ரவிக்கை, சுடிதார் தைப்பதும் புடவைக்கு ஓரம் அடிப்பதும்தான் பிழைப்பு. அஞ்சல்வழியில் தமிழ் படித்தவள் என்பதால் எழுதுவது எனக்குப் புதிதில்லை. ஆனாலும் இதை எழுத நான்கு நாளாகத் திணறிக்கொண்டிருக்கிறேன்.

என் தம்பி போன ஆண்டு ஐப்பசியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டிக்குள் விஷவாயு தாக்கி இறந்துபோனான். அவனுக்கு 31 வயது. தொட்டிக்குள் இறங்குவது அவன் வேலையே இல்லை. லாரியில் குழாய் பிடிக்கப் போனவன். முதலில் இறங்கியவர் மயங்கி விழுந்ததைப் பார்த்து, அவரைத் தூக்கிவிட இறங்கினான். இருவரும் ஏறவில்லை. வழக்கு நடக்கிறது, ஆகவே குடியிருப்பின் பெயரையோ ஒப்பந்தக்காரரின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை.

இறந்தவர் உடுப்பை யாருக்காவது கொடுத்துவிடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அம்மா அவனுடைய ஏழு சட்டைகளையும் கொடுக்கவில்லை. பீரோவைத் திறந்தால் அவை தொங்கும். மூடினாலும் கண்ணுக்குள் தொங்கும். மாசி மாதம் ஒரு நாள் இரவு, தூக்கம் வராமல், நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கிழிக்கவில்லை, சின்னக் கத்தரியால் தையலைப் பிரித்தேன். கழுத்துப்பட்டையின் உள்பக்கத்தில், எத்தனை துவைத்தும் போகாத வேர்வைக் கோடு இருந்தது. மேல்பையின் மூலையில் ஒரு பஸ் டிக்கெட் துவைத்துத் துவைத்து மாவாகி உருண்டு கிடந்தது. அந்தச் சட்டை இரண்டு கை, இரண்டு முன்பாகம், ஒரு முதுகு, ஒரு கழுத்து, ஒரு பை என்று தனித்தனியாக வந்து என் முன்னால் கிடந்தபோதுதான், அவன் இறந்ததற்குப் பிறகு முதல் தடவையாக என் கைக்கு ஒரு வேலை கிடைத்தது போல இருந்தது.

அதிலிருந்து இதுவரை பதினொரு துணிகள் தைத்துவிட்டேன். ஒவ்வொன்றும் இரண்டடிக்கு ஒன்றரை அடி. அடியில் பழைய கோணித்துணி. மேலே அவன் சட்டைத் துண்டுகளும், கடையில் மிஞ்சும் வெட்டுத்துணியும். எங்கள் தெருக் குழாயடி, அவன் நண்பர்கள் கேரம் விளையாடும் திண்ணை, நீலத் தொட்டி வைத்த லாரி என்று தெரிந்ததையெல்லாம் தைத்தேன். ஒன்பதாவது துணியில் கறுப்பு லைனிங் துணியால் ஒரு வட்டம் மட்டும் இருக்கிறது. அதில் வேறு எதுவும் தைக்க எனக்கு முடியவில்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் நீடிக்காத தூக்கம் இப்போது ஐந்து மணி நேரம் வருகிறது.

எங்கள் வழக்கில் உதவும் தோழர்களில் ஒருவர் இவற்றைப் பார்த்துவிட்டு, நகரத்தில் ஒரு கூடத்தில் காட்சிக்கு வைக்கலாம், நான் மேடையில் ஐந்து நிமிடம் பேசலாம் என்கிறார். அம்மாவுக்குச் சம்மதம் இல்லை. “அவன் சட்டையைப் போய் நாலு பேர் பார்க்கத் தொங்கவிடுவியா?” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

நான் கேட்க விரும்புவது இதுதான். இந்தத் தையலால் எனக்குள் நடப்பதை ஆறுதல் என்று நம்பலாமா, அல்லது வேறு வேலையில் மனத்தைப் போட்டு ஏமாற்றிக்கொள்கிறேனா? இதை வெளியே வைப்பதால் இன்னொரு வீட்டுப் பிள்ளை தொட்டிக்குள் இறங்காமல் இருக்க ஏதாவது நடக்குமா, அல்லது வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்களா? இரண்டும் ஒரே கேள்வி என்றுதான் முதலில் நினைத்தேன். எழுதும்போது வேறு வேறாகத் தெரிகிறது.

---

நிழல்மரம் எழுதியது:

அக்கா, உங்கள் தம்பியின் இழப்புக்கு என் ஆழ்ந்த இரங்கல். நான் மனநலத் துறையில் பதினெட்டு ஆண்டுகளாகச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும்.

நீங்கள் உங்களை ஏமாற்றிக்கொள்ளவில்லை. துக்கத்தில் இருப்பவருக்கு மிகவும் கொடுமையானது, நடந்ததன் மீது தனக்குக் கடுகளவும் பிடி இல்லை என்ற உணர்வு. தையலைப் பிரிக்கும்போது எந்தத் துண்டு எங்கே போக வேண்டும் என்று நீங்கள் முடிவெடுக்கிறீர்கள். பிடிக்கவில்லை என்றால் மறுபடியும் பிரிக்கிறீர்கள். நினைவு தானாக வந்து அடிப்பதற்கும், நீங்களாகப் போய் அதைத் தொட்டு, போதும் என்றபோது ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரியது. பிரிட்டன் ஓவியர் ஏட்ரியன் ஹில், காசநோய்க்காகச் சானடோரியத்தில் படுத்திருந்த காலத்தில் படம் வரைந்து தன்னைத் தேற்றிக்கொண்டு, பிறகு மற்ற நோயாளிகளையும் வரையத் தூண்டினார். கலைவழிச் சிகிச்சை என்ற பெயரையே 1942இல் அவர்தான் வைத்தார். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி, உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் கலை துணைசெய்கிறது என்று சொல்கிறது.

ஆனால் இந்த விஷயத்தில் அளவுக்கு மீறிய பேச்சும் நிறைய உலவுகிறது. 45 நிமிடம் படம் வரைந்தால் மன அழுத்தம் குறைந்துவிடும் என்ற செய்தியை நீங்கள் வாட்ஸ்அப்பில் பார்த்திருக்கலாம். அதன் மூலம் 2016இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு. அதில் பங்கேற்றவர்கள் 39 பேர். அவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு, மன அழுத்தத்தின்போது உடலில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் அளவு உமிழ்நீரில் குறைந்தது. வரையாமல் வெறுமனே உட்கார்ந்திருந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பதைச் செய்தி போட்டவர்கள் விட்டுவிட்டார்கள். அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது வேறொன்று: முன்பே வரையத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் பலனில் வேறுபாடு தென்படவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்கள் வாழ்வின் மிகக் கடினமான நிகழ்வைப் பற்றி நான்கு நாள்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதினார்கள். எழுதி முடித்தவுடன் அவர்கள் மனம் முன்பைவிட மோசமாகத்தான் இருந்தது. பின்வந்த மாதங்களில்தான், மேலோட்டமான செய்திகளை எழுதியவர்களைவிட, அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. ஆகவே கறுப்பு வட்டத்தைத் தைத்த இரவில் உங்களுக்கு நெஞ்சு கனத்திருந்தால், அது வழி தவறியதன் அடையாளம் இல்லை. அதேபோல், அந்தத் துணியை முடித்தே ஆக வேண்டும் என்றும் இல்லை.

நான் கவலைப்படக்கூடிய அறிகுறிகள் வேறு. கடை வேலை தேங்குவது, சாப்பாடு பிடிக்காமல் போவது, தைக்க உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல் விடிந்துவிடுவது, அவனோடு போய்விடலாம் என்று தோன்றுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஊசி நூல் போதாது. 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ஐந்து மணி நேரத் தூக்கம் நல்ல செய்தி. அம்மா எப்படித் தூங்குகிறார் என்பதையும் எழுதுங்கள்.

---

எழும்பூர்த்தூரிகை எழுதியது:

அம்மா, நான் எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்து, முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். கோணித்துணியின் மேல் இறந்தவரின் உடுப்பைத் தைக்கிறீர்கள் என்று படித்ததும் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். ஏனென்றால் உங்களைப் போலவே, கிட்டத்தட்ட இதே துணியில், இதே வேலையைச் செய்த பெண்கள் உலகத்தின் மறுகோடியில் இருந்தார்கள்.

சிலி நாட்டில் 1973 செப்டம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, ஆயிரக்கணக்கானோர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். பலர் என்ன ஆனார்கள் என்றே வீட்டாருக்குத் தெரியவில்லை. காணாமல் போனவர்களின் தாய்மார்களும் மனைவிமார்களும் தேவாலயத்தின் ஆதரவில் ஒன்றுகூடி, மாவு மூட்டைச் சாக்கின் மேல் வெட்டுத்துணிகளை ஒட்டுத்தையல் போட்டார்கள். சிலர் காணாமல் போன மகனின் சட்டையிலிருந்தே துண்டை வெட்டி வைத்தார்கள். அவற்றுக்கு அர்ப்பியேரா என்று பெயர். சாக்குத்துணி என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருளே. உள்நாட்டில் காட்ட முடியாது என்பதால் ரகசியமாக வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். விற்ற காசு வீட்டுச் செலவுக்கு வந்தது. செய்தித்தாள் சொல்ல முடியாததைச் சாக்குத்துணி வெளியே கொண்டுபோனது. உங்கள் இரண்டு கேள்விகளும் அங்கே ஒரே துணியில் கிடந்தன என்று சொல்லலாம்.

அவற்றில் பலவற்றின் பின்பக்கத்தில் ஒரு சின்னப் பை தைக்கப்பட்டிருக்கும். அதற்குள் மடித்த தாளில், இந்தக் காட்சி என்ன, தைத்தவள் யாரைத் தேடுகிறாள் என்ற குறிப்பு இருக்கும். முன்பக்கத்தை யாரும் பார்க்கலாம். பையைத் திறப்பவருக்குத்தான் கதை. உங்கள் தம்பியின் மேல்பையை என்ன செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதனால்தான் இதைச் சொன்னேன்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. எய்ட்ஸ் நோயில் இறந்தவர்களுக்காக அமெரிக்காவில் உறவினர்களும் நண்பர்களும் தைத்த நினைவுப் போர்வையில் ஒவ்வொரு துண்டும் மூன்றடிக்கு ஆறடி, அதாவது ஒரு புதைகுழியின் அளவு. 1987 அக்டோபரில் வாஷிங்டனில் 1,920 துண்டுகளைத் தரையில் விரித்தபோது, இறந்தவர்களின் எண்ணிக்கையைப் பத்திரிகையில் படித்துப் பழகிப்போனவர்கள் அந்த எண்ணிக்கையைச் சுற்றி நடக்க வேண்டியதாயிற்று. உங்கள் இரண்டடித் துணி அப்படி இல்லை. அது மடியில் வைத்துக்கொள்ளும் அளவு. பெரிய கூடத்தின் வெள்ளைச் சுவரில் மாட்டினால் தொலைந்துபோகும். தாழ்வாகத் தொங்கவிட்டு, மனிதர்கள் குனிந்து பார்க்கும்படி வைக்க வேண்டிய பொருள் அது.

உங்கள் அம்மா மறுக்கிறார் என்பதைக் குறித்து ஒன்று. நாஜிகளின் டெரெசின் முகாமில் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர் குழந்தைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு படத்திலும் அந்தக் குழந்தையின் பெயரை எழுதச் சொன்னார். 1944இல் அவர் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்படுவதற்கு முன், ஏறத்தாழ 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் வைத்து மறைத்துவிட்டுப் போனார். அவை யார் பார்ப்பதற்காகவும் வரையப்பட்டவை அல்ல. அந்த ஒரு மணி நேரத்தைக் குழந்தைகள் தாங்குவதற்காக வரையப்பட்டவை. இன்று உலகமே பார்க்கிறது என்பது பின்னால் நடந்த கதை. செய்வது ஒரு வேலை, காட்டுவது வேறொரு வேலை. முதல் வேலை முடிந்துவிட்டது என்பதற்காக இரண்டாவதை உடனே தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

எங்கள் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை நிறுவியபோது, ஓவியர்கள் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுப் பிழைத்துக்கொண்டு, ஓவியத்தைத் தங்கள் மனம்போல் வைத்துக்கொண்டார்கள். நீங்களும் ரவிக்கை தைத்துப் பிழைக்கிறீர்கள். பதினொரு துணிகளும் யாருக்கும் கடன்பட்டவை அல்ல.

---

ஐந்தாம் மாடி எழுதியது:

அக்கா, நாங்கள் கூவம் கரையில் இருந்தவர்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு நகரத்துக்கு வெளியே ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பில் ஐந்தாவது மாடியில் இருக்கிறோம். இதே போன்ற மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகர்ச் சுவர்களில் 2020இல் ஆளுயரத்தைப் போலப் பல மடங்கு பெரிய ஓவியங்கள் எழுதப்பட்டதையும், அதைப் பார்க்க வெளியாட்கள் வந்ததையும் பலரும் அறிவீர்கள். அதைப் பற்றி நான் குறை சொல்ல வரவில்லை. இப்படிப்பட்ட ஊர்ப் பெயரைச் சொன்னாலே ஆட்டோ வராத காலத்தில், யாரோ ஒருவர் படம் பார்க்கவாவது உள்ளே வருவது சின்ன விஷயம் இல்லை.

நான் சொல்ல வந்தது எங்கள் குடியிருப்பில் நடந்தது. ஒரு விடுமுறையில் சில தன்னார்வலர்கள் வந்து பிள்ளைகளை வைத்துச் சுவரில் படம் வரையச் சொன்னார்கள். என் அண்ணன் மகன் ஒரு சைக்கிள் வரைந்தான். ஒரு பக்கம் பெடல் இல்லாத சைக்கிள். மாலையில் பார்த்தால் யாரோ அழகாக அந்தப் பெடலை வரைந்து முடித்திருந்தார்கள். அவன் அழவில்லை, “அது என் வண்டி இல்லை” என்று மட்டும் சொன்னான். வெள்ளத்தில் போன அவனுடைய வண்டிக்கு ஒரு பெடல்தான் இருந்தது. உங்கள் துணியைக் கூடத்துக்குக் கேட்பவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் கறுப்பு வட்டத்துக்குள் ஏதாவது தைத்துக் கொடுங்கள், அப்போதுதான் பார்ப்பவருக்குப் புரியும் என்று நாளைக்கு யாராவது சொன்னால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அம்மாவைப் பற்றி: சாவு அன்று அவர் தெருவில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்திருப்பார்தானே? நாலு பேர் பார்க்கத்தானே வைத்தார்? எங்கள் பாட்டி ஒப்பாரி சொன்னால், தோளோடு தோள் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுச் சாவை நினைத்துத்தான் அழுவார்கள். வந்த இடத்துச் சாவுக்கு அழுகிறவர் பாதிப் பேர்கூட இருக்கமாட்டார். அது யாருக்கும் காட்சி இல்லை, ஏனென்றால் பார்க்கிறவர் என்று தனியாக யாரும் அங்கே இல்லை. அம்மா தெருவுக்குப் பயப்படுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. கூட அழாமல் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குத்தான் பயப்படுகிறார்.

---

வீதிக்காரன் எழுதியது:

தோழர், இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன், ஏனென்றால் இருபது ஆண்டுகள் இதே கேள்வியோடு வீதி நாடகம் போட்டேன். 1980இல் அதே சோழமண்டலத்தில் வங்காள நாடகக்காரர் பாதல் சர்க்கார் நடத்திய பயிலரங்கிலிருந்து கிளம்பிய அலைதான், மேடையும் திரையும் இல்லாமல் தெருமுனையில் நாடகம் போடலாம் என்ற துணிவை எங்கள் மூத்தவர்களுக்குக் கொடுத்தது. நாங்கள் அதற்கு அடுத்த வரிசை.

தொண்ணூறுகளின் கடைசியில் வடசென்னையில் ஒரு தெருவில், பாதாளச் சாக்கடையில் இறங்கி இறக்கும் தொழிலாளியைப் பற்றி நாடகம் போட்டோம். நான்தான் தொழிலாளி. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவதாக நடிப்பேன். நாடகம் முடிந்ததும் கைதட்டல்; எங்களுக்குப் பெருமிதம். கூட்டத்திலிருந்து ஓர் அம்மா எழுந்து வந்தார். “இடுப்பிலயா கட்டுவ? தூக்கும்போது ஆள் மடங்கி குழி வாயிலயே மாட்டிக்குவான். அக்குளுக்குக் கீழ கட்டணும்” என்று சொல்லி, என் கயிற்றை அவிழ்த்து அவரே கட்டிக் காட்டினார். அவர் கணவர் அந்த வேலையில் இருந்தவர். பிறகு ஒப்பந்தக்காரராக நடித்த தோழரைப் பார்த்து, “இப்ப என்கிட்ட சொல்லு, கயிறு எதுக்குன்னு” என்று கேட்டார். எங்கள் தோழருக்கு அடுத்த வசனம் தெரியவில்லை. அன்றைய நாடகம் அங்கேதான் தொடங்கியது. அதற்கு முன் நாங்கள் ஆடியது எங்கள் நல்லெண்ணத்தை.

பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவாலுக்கும் இப்படி ஓர் அடி விழுந்தது என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். உழவர்கள் முன்னால், நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று துப்பாக்கியை உயர்த்திப் பாடி முடித்ததும், ஓர் உழவர் வந்து, வாருங்கள், சாப்பிட்டுவிட்டு உங்கள் துப்பாக்கிகளோடு போய்ச் சண்டையிடுவோம் என்று கூப்பிட்டாராம். துப்பாக்கி அட்டையில் செய்தது என்று சொல்ல வேண்டியதாயிற்று. துப்பாக்கி பொய், நீங்கள் உண்மையானவர்கள்தானே, நீங்களாவது வாருங்கள் என்றாராம் அவர். தான் இறங்காத ஆபத்தில் மற்றவரை இறங்கச் சொல்லும் நாடகத்தைப் போவால் அதோடு விட்டார். பார்வையாளரே எழுந்து வந்து கதையை மாற்றி நடித்துப் பார்க்கும் முறையை அவர் உருவாக்கியதற்குப் பின்னால் அந்த வெட்கமும் உண்டு.

ஆகவே, கூடத்தில் வைத்தால் மாற்றம் வருமா என்று கேட்டால், கூடத்தால் வராது என்பேன். தொட்டிக்குள் ஆள் இறங்குவதைத் தடுக்கும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. 1993க்குப் பிறகு இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இவை எல்லாம் வழக்குப் போட்டவர்களும், பட்டியல் எடுத்தவர்களும், சங்கம் வைத்தவர்களும் வாங்கித் தந்தவை. கலை அந்த வேலையைச் செய்யாது. செய்கிறது என்று மேடையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் சட்டம் இருந்தும், “யாரோ ஒருவன் இறங்கினான், இறந்தான்” என்று சொல்லிவிட்டுப் போகிற ஊரில், அந்த யாரோ ஒருவனுக்கு வேர்வைக் கோடு படிந்த ஒரு கழுத்துப்பட்டை இருந்தது என்று காட்ட மனுவாலும் தீர்ப்பாலும் முடியாது. உங்கள் துணியால் முடியும். அதை யார் முன்னால் காட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. குளிரூட்டிய கூடத்தில் வரும் நூறு பேரா, செப்டிக் டேங்க் லாரிகள் நிற்கும் தெருவில் இருக்கிற நாற்பது பேரா? நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன். கூடமே வேண்டாம் என்பதில்லை, அது பிறகு.

கடைசியாக ஒன்று. உங்கள் வழக்கறிஞரைக் கேட்காமல் எதையும் வெளியே வைக்காதீர்கள். அன்றைக்கு அவர் உடுத்தியிருந்த துணி ஏதாவது உங்கள் கைக்கு வந்திருந்தால், அதை வெட்டவோ துவைக்கவோ கூடாது, அது சாட்சி.

---

வெட்டுத்துணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதப் பன்னிரண்டு நாளாகிவிட்டது. ஆடித் தள்ளுபடியில் எடுத்த புடவைகளுக்கெல்லாம் ரவிக்கை கேட்டு ஆட்கள் நிற்கிறார்கள்.

அன்றைக்கு உடுத்தியிருந்தது காவல்நிலையத்திலேயே இருக்கிறது, வீதிக்காரன் தோழர். வழக்கறிஞரிடம் கேட்டேன். இடத்தின் பெயரும் ஆளின் பெயரும் இல்லாதவரை துணிகளைக் காட்டுவதில் சிக்கல் இல்லை என்றார்.

நீங்கள் எழுதியவற்றை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நிழல்மரம் கேட்டிருந்தீர்கள்: அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்துவிடுகிறார், அடுத்த வாரம் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். ஒப்பாரியைப் பற்றி வாசித்தபோது ஒன்றும் சொல்லவில்லை. பின்பக்கப் பையைப் பற்றி வாசித்தபோது மட்டும், “உள்ளே என்ன எழுதி வைப்பே?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். “அவனுக்குப் பிடிச்சதை எழுது, செத்ததை எழுதாதே” என்றார். பிறகு ஒவ்வொரு துணியாக எடுத்துப் பார்த்தார். இத்தனை மாதத்தில் அதுதான் முதல் தடவை. கேரம் போர்டில் சிவப்புக் காய் நடுவில் இல்லையே என்று கேட்டார். அன்று இரவே ஒரு சிவப்புப் பட்டன் வைத்துத் தைத்துவிட்டேன்.

அம்மா சொன்ன முடிவு: அவன் நினைவு நாளன்று, எங்கள் தெருவில், எங்கள் வாசலில் வைக்கலாம். கூடத்துக்கு வேண்டாம். மேல்பை தைத்த துணி மட்டும் வெளியே வராது. அது பீரோவிலேயே இருக்கும். தோழரிடம் சொல்லிவிட்டேன். கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு, ஆனால் லாரி ஓட்டுநர்களை அழைத்துவரும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

இன்னொன்று நடந்தது. எதிர்வீட்டு அக்கா போன ஞாயிறு ஒரு பச்சை லுங்கியை மடித்துக் கொண்டுவந்து, “இதையும் ஒண்ணு தைச்சுக் கொடும்மா” என்றார். அவர் கணவர் இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. பாதாளச் சாக்கடையில்தான் போனார் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. நான் வெட்டவில்லை. கத்தரியை அவர் கையிலேயே கொடுத்தேன். லுங்கியை விரித்து வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போனார். மறுநாள் வந்தார். கறுப்பு வட்டத்தை அவரிடம் காட்டினேன்; தன்னுடைய துணியிலும் அதே அளவில் ஒன்று வேண்டும் என்றார். அதே லைனிங் துணியில் இன்னும் ஒரு முழம் மிச்சம் இருந்தது.

எழும்பூர்த்தூரிகை ஐயா, உங்களிடம் ஒரு சந்தேகம். எங்கள் சுவர் பழைய சுவர், ஆணி அடித்தால் காரை உதிரும். கொடிக்கயிற்றில் கிளிப் போட்டு மாட்டினால் துணி காயப்போட்டது போலத் தெரிகிறது. கோணியின் கனத்தில் நடுவில் தொய்கிறது. ஐப்பசி என்பதால் மழையும் வரும். எப்படி மாட்டுவது?

---

எழும்பூர்த்தூரிகை எழுதியது:

கிளிப் வேண்டாம் அம்மா. ஒவ்வொரு துணியின் மேல் ஓரத்திலும் பின்பக்கமாக மூன்று அங்குல அகலத்துக்கு ஒரு காடாப் பட்டையை இரண்டு விளிம்பிலும் கைத்தையல் போட்டு, குழல் போல விடுங்கள். தையல் முன்பக்கம் தெரியக் கூடாது. உங்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை. குழலுக்குள் மூங்கில் கழியைச் செருகி, கழியின் இரண்டு முனையிலும் கயிறு கட்டித் தொங்கவிட்டால் கனம் முழுக்கக் கழியில் இறங்கும், நடுவில் தொய்யாது. கீழ் ஓரத்தில் ஒரு சின்ன மடிப்புக்குள் துணியின் அகலத்துக்கு ஒரு மெல்லிய கம்பியை வைத்துத் தைத்துவிடுங்கள், காற்றில் சுருளாது.

சுவரைத் தொட வேண்டாம். வாசலின் இரண்டு பக்கமும் பந்தக்கால் நட்டு, குறுக்கே சவுக்குக் கம்பு ஒன்றைக் கட்டி அதில் மாட்டுங்கள். நான்கு அடி உயரத்துக்கு மேல் போக வேண்டாம். உங்கள் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்க்கும் உயரம் இருந்தால் போதும். மேலே தார்ப்பாயை முன்பக்கம் சரிவாக இழுத்துக் கட்டுங்கள், தண்ணீர் தெருவுக்கு ஓட வேண்டும். பச்சை லுங்கியைத் தைப்பதற்கு முன் அதன் ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்தி ஒற்றிப் பாருங்கள். சாயம் இறங்கினால் வெறும் தண்ணீரில் சாயம் போகும்வரை அலசி நிழலில் உலர்த்திவிட்டு மறுபடியும் ஒற்றிப் பாருங்கள். அப்போதும் இறங்கினால், அதை மழைச்சாரல் படாத உள்பக்கக் கடைசியில் மாட்டுங்கள். கழிகளை நான் அறுத்துக் கொண்டுவருகிறேன். பதினொன்றா, பன்னிரண்டா என்று மட்டும் சொல்லுங்கள்.